கார் உனக்கு, வருஷம் எனக்கு

கெர்லிண்டேவைப் பற்றி நீடர்பாக் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, அவளுக்கு வாய் ஜாஸ்தி என்பதுதான். இரண்டாவதாகச் சொல்வது, வண்டி ஓட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது. முதலாவதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். இரண்டாவதை அவள் அந்தப் பக்கம் போன பிறகுதான் சொல்வார்கள். ஊரின் லட்சணம் அப்படி.

அவளுடைய தொழில் பாதம் பார்ப்பது. வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு நகம் வெட்டுவாள், கால் ஆணி எடுப்பாள், குதிகால் வெடிப்புக்கு மருந்து தடவுவாள். ஹுன்ஸ்ரூக் மலையில் பஸ் என்பது காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், மதியம் திரும்பக் கொண்டுவந்து கொட்டுகிற ஒரு வஸ்து. மற்ற நேரத்தில் கார் இல்லாதவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆகவே கெர்லிண்டேவின் பிழைப்பு என்பது பாதி கத்தரிக்கோலில், பாதி ஸ்டியரிங்கில். மூடுபனி, உறைபனி, திடீரென்று குறுக்கே பாயும் மான், வளைவில் எதிரே வரும் மரம் ஏற்றிய லாரி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். இருபத்தேழு வருடத்தில் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை. யார் சுவரையும் உரசியதில்லை.

அந்த நாட்டில் இது வெறும் பெருமை இல்லை, சொத்து. விபத்தில்லாமல் ஓட்டிய ஒவ்வொரு வருடமும் இன்சூரன்ஸ்காரன் கணக்கில் ஏறும். ஏற ஏற, வருடா வருடம் கட்டுகிற தொகை இறங்கும். ஒரு முறை இடித்துவிட்டுப் பணம் கேட்டால், சேர்த்த வருடங்களில் பாதி பறிபோகும். புதிதாக ஓட்ட வந்தவனுக்கு ஒரு வருடமும் கிடையாது. அவன் தலையில் மிளகாய் அரைப்பார்கள். இருபத்தேழு வருடம் சேர்த்தவளை வணங்கி வரவேற்பார்கள்.

ஆனால் அந்த இருபத்தேழும் அவள் பெயரில் இல்லை. புருஷன் எக்ஹார்ட் பெயரில் இருந்தது.

அது எப்படி என்று நீடர்பாக்கில் யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் எல்லா வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமான புதிது. அவள் அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். இன்சூரன்ஸ் ஏஜென்ட் வெண்டெலின், அன்றைக்கு மீசை கறுப்பாக இருந்த பையன், சமையலறை மேஜையில் உட்கார்ந்து கேக்கைத் தின்றுகொண்டே சொன்னான்:

"இவ பேர்ல போட்டா அநியாயத்துக்குக் கேப்பாங்க. உன் பேர்லயே ரெண்டாவது வண்டின்னு போட்டுடு எக்ஹார்ட். பேரு என்ன பேரு, ஓட்டப்போறது அவதானே."

சிக்கனம் என்றால் அந்த ஊருக்கு உயிர். ரொட்டி வாங்கின பையைக் கழுவிக் காயப்போடுவார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கிற சில்லறைக்காகச் சண்டை போட்டுப் பேசாமல் போன அண்ணன் தம்பிகள் உண்டு. ஆகவே கெர்லிண்டேவும் சரி என்று தலையாட்டினாள். அந்த ஒரு தலையாட்டலை நினைத்து இப்போது பல்லைக் கடிக்கிறாள்.

டீசல் வண்டிக்கு வருடா வருடம் சாலை வரி அவள் கணக்கிலிருந்து போயிற்று. இன்சூரன்ஸ் அவள் கணக்கிலிருந்து போயிற்று. பழைய வண்டி பழுதாகி, அடுத்தது வாங்கி, அதுவும் பழுதாகி, மூன்றாவதாக இந்தச் சாம்பல் நிறக் குட்டி வண்டியை வாங்கியதும் அவள் காசுதான். நம்பர் பிளேட்டில் இரண்டு பேருடைய முதலெழுத்தும் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். அதில்கூட அவன் எழுத்துதான் முன்னால்.

எக்ஹார்டுக்குத் தனியாக ஒரு பெரிய வண்டி உண்டு. அதை அவன் இரண்டு தடவை மோதியிருக்கிறான். ஒரு தடவை தச்சன் ஹூபர்டின் தோட்டச் சுவரில், குடித்துவிட்டு. அந்த வருடம் லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவன் அவன். அவனையும் அவனுடைய வீரர்களையும் ஒவ்வொரு திருவிழாவிலும் பின் சீட்டில் அடைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டது கெர்லிண்டே. ஊருக்கே இலவச டாக்சி. அவள் குடிக்க மாட்டாள், ஏனென்றால் அவள்தான் ஓட்ட வேண்டும். அவள் ஏன் ஓட்ட வேண்டும் என்று ஒருவனும் கேட்டதில்லை.

பிறகு கோப்லென்ஸ் நகரத்திலிருந்து மார்கிட் வந்தாள். தீயணைப்புப் படையின் கோடை விழாவுக்கு உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்தவள், சாலட் கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவே இல்லை. அடுத்த வருடம் விவாகரத்து. வீடு எக்ஹார்டின் அப்பா கட்டியது, அது அவனுக்கு. கெர்லிண்டே இறைச்சிக் கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்துக்கொண்டாள். வக்கீல் முன்னால் எக்ஹார்ட் பெருந்தன்மையாகக் கையை விரித்து, "கார் அவளே வச்சிக்கட்டும்" என்றான். கெர்லிண்டே கோர்ட்டில் அழவில்லை, மூக்கைக்கூடச் சிந்தவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

நவம்பர் பிறந்தது. அந்த மாதத்தில் நாடே இன்சூரன்ஸ் மாற்றப் பைத்தியமாக அலையும். மாதக் கடைசிக்குள் பழையதை முறிக்காவிட்டால் இன்னொரு வருடம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். வண்டியைத் தன் பெயரில் போட கெர்லிண்டே வெண்டெலினிடம் போனாள். வீட்டின் முன் அறையிலேயே அவனுக்கு ஆபீஸ். மீசை நரைத்துவிட்டது, கேக் தின்கிற வழக்கம் போகவில்லை.

அவன் கணினியில் தட்டிவிட்டு, விலையைச் சொன்னான். அவள் இதுவரை கட்டியதைப் போல மூன்று மடங்கு.

"என்னடா இது? பதினெட்டு வயசுப் பிள்ளைக்குப் போடுற மாதிரி போடுற?"

"கம்ப்யூட்டருக்கு நீ பதினெட்டு வயசுப் பிள்ளைதான், கெர்லிண்டே. உன் பேர்ல ஒரு வருஷம்கூட இல்லையே."

"வெண்டெலின், உன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணட்டுமா? இருபத்தேழு வருஷம் ஓட்டினது யாருன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? எக்ஹார்ட் கையெழுத்து போட்டு உனக்கு மாத்திக் கொடுக்கணும். ஆனா அவன்..." வெண்டெலின் ஜன்னல் பக்கம் பார்த்தான். "அவன் மார்கிட் பேருக்கு மாத்தச் சொல்லிட்டான். பழைய ஒப்பந்தத்தையும் முறிச்சிட்டான். வருஷக் கடைசியோட முடியுது."

கெர்லிண்டே மேஜையைத் தட்டினாள். "அவ என் வண்டிய ஒரு நாளாவது தொட்டிருக்காளா? மாத்தணும்னா, வாங்கிக்கிறவங்கதான் அந்த வண்டிய வழக்கமா ஓட்டினாங்கன்னு எழுதிக் கொடுக்கணும்னு நீதானே எல்லார்கிட்டயும் சொல்லுவ?"

"எழுதிக் கொடுத்திருக்கான். அவளும் கையெழுத்து போட்டிருக்கா."

"பொய்யி!"

"நான் பக்கத்துல உக்காந்து பாத்தேனா என்ன? அவன் எழுதிக் கொடுத்தா நான் வாங்கி வச்சு வருஷக் கடைசியில அனுப்புவேன்." அவனுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று வாயை விட்டான். "இதுல அவளுக்கும் பெரிய லாபம் ஒண்ணும் இல்ல. லைசென்ஸ் வாங்கி எத்தன வருஷமோ அத்தன வருஷம்தான் ஒருத்தருக்கு மாத்த முடியும். அவ வாங்கியே ஒன்பது வருஷம்தான் ஆகுது. ஒன்பது அவளுக்குப் போகும்."

"மிச்சம் பதினெட்டு?"

"போச்சு. யாருக்கும் இல்ல. திரும்பவும் வராது."

அவள் எதுவும் பேசாமல் எழுந்து வந்தாள். வாய் ஜாஸ்தி என்று பேர் வாங்கியவள் பேசாமல் வந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். காரில் உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது; பணத்துக்காக இல்லை. பனியில் கை மரத்துப்போக ஓட்டிய நாட்களை எல்லாம் இன்னொருத்திக்குக் கிள்ளிக் கொடுத்துவிட்டு, மீதியைக் குப்பையில் போடுகிறான் ஒருவன். வக்கீலைக் கேட்டாள். வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம், ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும், அதற்குள் அவன் மாற்றிக் கொடுத்துவிட்டால் தோண்டி எடுப்பது கஷ்டம் என்றார் அவர்.

சனிக்கிழமை எக்ஹார்டின் வீட்டுக்கே போனாள். அவன் முற்றத்தில் மார்கிட்டின் வண்டிக்குக் குளிர்கால டயர் மாட்டிக்கொண்டிருந்தான். கெர்லிண்டேவுக்கு அவன் ஒரு நாளும் மாட்டிக் கொடுத்ததில்லை.

"கையெழுத்து போடு" என்றாள்.

"எதுல?"

"என் வருஷத்துல."

"உன் வருஷமா? பத்திரத்துல யாரு பேரு இருக்குன்னு படிச்சுப் பாரு. வண்டியத்தான் தூக்கிக் கொடுத்தேனே, இன்னும் என்ன பிச்சை? கார் உனக்கு, வருஷம் எனக்கு."

"அந்த வண்டிய நீ கழுவுறதுக்காவது வெளிய எடுத்திருக்கியாடா?"

"என் பேரு இருந்ததாலதான் நீ கொஞ்சமா கட்டுன. அதுக்கு ஒரு நன்றி உண்டா உங்கிட்ட?" அவன் நிமிர்ந்து ஸ்பானரைத் துடைத்தான். முகத்தில் ஒரு இளிப்பு. "கெஞ்சிக் கேளு. ஒழுங்கா, மரியாதையா, கெஞ்சிக் கேளு. யோசிக்கிறேன்."

"உன் கால் ஆணிய இருபத்தாறு வருஷம் வெட்டினேன். உங்கிட்ட கெஞ்ச மாட்டேன்."

மேலே ஜன்னல் திறந்தது. மார்கிட் தலையை நீட்டினாள். "எக்ஹார்ட், சூப் ஆறுது. அவ இன்னும் கிளம்பலையா?"

"கிளம்பிட்டே இருக்கா" என்றான் அவன்.

கெர்லிண்டே கிளம்பினாள். ஆனால் விடுவதாக இல்லை. அவனைத் தனியாகக் கேட்டது தப்பு என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். அவள் ஓட்டியதற்கு ஊரே சாட்சி. ஊர் கூடுகிற இடத்தில் கேட்பது என்று முடிவு செய்தாள்.

புனித மார்ட்டின் நாள் வந்தது. சாயங்காலம் பிள்ளைகள் காகித விளக்கைத் தூக்கிக்கொண்டு, சிவப்புப் போர்வை போர்த்தி, மார்ட்டின் வேஷத்தில் குதிரையில் வந்தவன் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். தீயணைப்புக் கூடத்துக்குப் பின்னால் புல்வெளியில் மரக்கட்டையை மலையாகக் குவித்து எக்ஹார்ட் தீ வைத்தான். பிள்ளைகளுக்கு இனிப்பு ரொட்டி, பெரியவர்களுக்குச் சூடான ஒயின். கெர்லிண்டே வண்டியைக் கூடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். ஹூபர்ட் வழக்கம்போல அவளைக் கேட்காமலே பின் சீட்டில் தன்னுடைய பையை வைத்துவிட்டுப் போனான். பை நிறைய மிச்ச ரொட்டி. திரும்பிப் போகிறபோது அவள்தானே இறக்கிவிடப் போகிறாள்!

இரண்டாவது சுற்று ஒயின் ஊற்றியாயிற்று. கெர்லிண்டே தீக்கு முன்னால் போய் நின்றாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. ஒரே ஒரு கேள்வி. என் சாம்பல் வண்டிய ஓட்டினது யாரு? எக்ஹார்டா, மார்கிட்டா, நானா?"

பேச்சு நின்றது. எக்ஹார்ட் சிரித்தான். "ஆரம்பிச்சிட்டா."

"ஹூபர்ட், நீ சொல்லு. கார்னிவல் ராத்திரி என் பின் சீட்டுல வாந்தி எடுத்தியே, அப்ப ஸ்டியரிங்ல இருந்தது யாரு?"

ஹூபர்ட் கோப்பைக்குள் பார்த்தான். உள்ளே ஏதோ விழுந்துவிட்டதைப் போல.

"வெண்டெலின், உன் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி எடுத்தப்ப, பனியில ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனது யாரு? எல்லாருக்கும் வாயில என்ன, கொழுக்கட்டையா?"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கட்டை வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தலைவனைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையில் நமக்கென்ன என்று முகத்தை வைத்துக்கொண்டு, அவளுடைய சீட்டில் உட்கார்ந்தே பழகிய முப்பது ஆண்கள் தரையைப் பார்த்து நின்றார்கள். கெர்லிண்டேவுக்கு அவர்களைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. எக்ஹார்டைவிட இவர்கள் மேல்தான் அதிகம் கோபம் வந்தது.

"கேட்டாச்சுல்ல, வீட்டுக்குப் போ" என்றான் எக்ஹார்ட். "வருஷம் மார்கிட்டுக்குத்தான்."

"மார்கிட்டுக்கு ஒன்பது. அத முழுசா சொல்லு. அவ லைசென்ஸ் வாங்கி ஒன்பது வருஷம்தான் ஆச்சு, ஒன்பதுதான் அவளுக்குப் போகும். மிச்சம் பதினெட்டையும் தூக்கி எறியப் போறான் இவன்."

ஹூபர்ட் தலையை நிமிர்த்தினான். "என்னது? தூக்கி எறியறதா?"

"ஆமா. யாருக்கும் கிடையாது."

"பதினெட்டு வருஷத்தையா?" ஹூபர்டின் குரல் கிறீச்சிட்டது. எரித்த கட்டையிலிருந்து மறுநாள் ஆணி பொறுக்குகிற ஆள் அவன். "வெண்டெலின், நிஜமா?"

வெண்டெலின் தொண்டையைக் கனைத்தான். "விதி அப்படித்தான். ஒன்பதுக்கு மேல அவளுக்குப் போகாது."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவள் கேள்வி கேட்டபோது வராத சத்தம் இப்போது வந்தது.

"பதினெட்டு வருஷத்த எவனாவது வீணாக்குவானா?"

"என் பையன் வருஷா வருஷம் எவ்வளவு கட்டுறான் தெரியுமா? ரத்தம் கொதிக்குது எனக்கு."

"எக்ஹார்ட், உனக்கு மூளை கீளை பிசகிடுச்சா?"

எக்ஹார்ட் கையை உயர்த்தினான். "இது என் சொந்த விஷயம்..."

அப்போது மார்கிட் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். கையில் இருந்த ரொட்டியை அவன் மார்பில் வைத்து அழுத்தினாள். "இருபத்தேழும் எனக்குன்னு சொன்னியேய்யா? சொன்னியா இல்லையா? அத நம்பி நான் புது வண்டிக்கு முன்பணம் கொடுத்திருக்கேன்!"

"மார்கிட், வீட்ல போய் பேசலாம்."

"ஒன்பதுக்காக என்னைப் பொய்க் கையெழுத்து போட வச்சியா? அந்த வண்டிய நான்தான் ஓட்டினேன்னு? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது, நீயா?" அவள் கெர்லிண்டே பக்கம் திரும்பினாள். அன்போடு ஒன்றும் இல்லை, எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு. "உன் வருஷத்த நீயே வச்சிக்க. எனக்கு உன்னையும் பிடிக்கல, அந்த வண்டியையும் பிடிக்கல."

"எனக்கும் உன்னப் பிடிக்கல" என்றாள் கெர்லிண்டே. "சாலட்டும் நல்லா இல்ல."

வெண்டெலின் நவம்பர் மாதத்தில் சாவு வீட்டுக்குப் போனாலும் படிவத்தோடுதான் போவான். பையைத் திறந்து ஒன்றை எடுத்தான். கெர்லிண்டேவின் வண்டி பானெட்டில் அதை விரித்தார்கள். ஊரே சுற்றி நின்றது. எக்ஹார்ட் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே மாட்டேன் என்று நின்றான். "போடுடா, பதினெட்டு வருஷம்டா" என்று ஹூபர்ட் ஏறக்குறைய அழுதான். தன் காதில் செருகியிருந்த பென்சிலை நீட்டினான். பென்சில் செல்லாது என்று வெண்டெலின் சொல்ல, மார்கிட் கைப்பையிலிருந்து பேனா எடுத்து எக்ஹார்டின் விரலில் திணித்தாள்.

அவன் கையெழுத்துப் போட்டான். பேனாவைப் பானெட்டில் வீசினான். "நாசமாப் போ" என்றான்.

கெர்லிண்டே தாளை எடுத்து, பெயர் சரியாக இருக்கிறதா, எண் சரியாக இருக்கிறதா என்று தீ வெளிச்சத்தில் இரண்டு முறை படித்தாள். கோட்டுக்கு உள்ளே வைத்துப் பொத்தானைப் போட்டாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. இருபத்தேழு வருடம் ஓட்டியவள் யார் என்று கேட்டபோது ஊமையாக நின்றவர்கள், வீணாகப் போகிறது என்றதும் கத்தினார்கள். அது அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஆனால் ஊருக்கு ஒரே குஷி. ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்ட களிப்பில் மூன்றாவது சுற்று ஒயினும் ஓடிற்று. தூறல் பிடித்துக்கொண்டது. ஹூபர்டும் இன்னும் மூன்று பேரும் தள்ளாடியபடி அவள் வண்டியை நோக்கி வந்தார்கள்.

"பாத்தியா கெர்லிண்டே, உன் பக்கம் நின்னோமா இல்லையா? சரி, கதவத் திற. மழை வருது."

அவள் பின் கதவைத் திறந்தாள். ஹூபர்டின் ரொட்டிப் பையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள்.

"என் பக்கம் நின்னீங்களா? பதினெட்டு வருஷம் வீணாப் போகுதேன்னு நின்னீங்க. நான் வீணாப் போனப்ப எவன்டா நின்னான்?"

"ஏய், விளையாடாத. வீடு எவ்வளவு தூரம் தெரியும்ல?"

"தெரியும். இருபத்தேழு வருஷமா நான்தானே ஓட்டினேன். நடந்து போங்க."

உள்ளே உட்கார்ந்து நாலு கதவையும் பூட்டினாள். ஹூபர்ட் கண்ணாடியைத் தட்டினான். வெண்டெலின் தூரத்திலிருந்து கையை ஆட்டினான். எக்ஹார்டும் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான், பழக்க தோஷம். அவனும் குடித்திருந்தான், அவனுக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். பின்புறக் கண்ணாடியில் அத்தனை பேரும் வரிசையாகத் தெரிந்தார்கள்.

இடிக்க அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு தடவை, மெதுவாக. ஆனால் வருடமெல்லாம் இப்போது அவள் பெயருக்கு வந்தாயிற்று. ஹாரனை அழுத்தி, எல்லாரும் ஒதுங்கும்வரை காத்திருந்து, யார் மேலும் படாமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள்.